சக்கரம் சாய்த்த நாற்காலி

இன்றைக்குச் சாயங்காலம் செல்போனில் நீங்கள் ஆசையாகப் பார்க்கும் ஆட்டம் ஓடியது. பச்சைப் புல்லில், வெள்ளை உடுப்போடு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பேர் டென்னிஸ் ஆடுகிற இறுதிப்போட்டி. நீங்கள் பக்கத்தில் இல்லாமல் நான் பார்த்த முதல் ஆட்டம். ஜெயித்தவனை அவன் பெண்டாட்டி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

முன்பும் எரிந்ததுதான். பட்டாசுக் கம்பெனி விபத்தில் கால் இரண்டும் போனபிறகு நீங்கள் என் முகத்தையே நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த ஆட்டக்காரர்களைப் பார்த்த அன்றைக்குத்தான் சிரித்தீர்கள். குளிப்பாட்டி, துணி மாற்றி, கூடவே கிடந்த எனக்குக் கிடைக்காத சிரிப்பு, யாரோ வெளிநாட்டுக்காரனுக்குக் கிடைத்தது.

"அங்கன பாரு புள்ள, பந்து ரெண்டு தரம் குத்தி எழும்பலாமாம். அவுகளுக்குன்னு தனிச் சட்டம்."

"அவுகளயே பாத்துக்கிட்டு இருந்தா வயிறு நெறஞ்சிருமா?" என்றேன்.

அவர்கள் நாற்காலியில் சக்கரம் அடியில் அகன்று, மேலே உள்பக்கம் சாய்ந்திருக்கும். அப்படி இருந்தால்தான் சட்டென்று திரும்புமாம். உங்களுடையதையும் சிவகாசி வெல்டிங் பட்டறைக்கு அனுப்பிச் சாய்த்து வாங்கினீர்கள். வந்து இறங்கியது. வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. பட்டறைக்காரரும் அளக்கவில்லை, நீங்களும் அளக்கவில்லை.

"வாசல் நிலைய இடிச்சிருவோமா புள்ள?"

"இடிங்க. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரு வந்து உங்களுக்கு மாலை போடுவாரு."

அதன்பின் நாற்காலி வெளியிலேயே நின்றது. பகலெல்லாம் நீங்களும் தெருவில்தான். பழைய மட்டை ஒன்றை வைத்துக்கொண்டு சுற்றிச் சுழன்றீர்கள். வேலை முடிந்து கம்பெனி வேனை விட்டு நான் இறங்கும்போது உங்களைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். எனக்கென்று மிச்சமிருந்த மனுசனையும் தெரு எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கும். இந்த மாசியில் காய்ச்சல் வந்து மொத்தமாகவே எடுத்துக்கொண்டது.

செல்லைக் கவிழ்த்த கொஞ்ச நேரத்தில், எம். புதுப்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் புருசனுக்கும் போன சீசனில் வெடித்ததில் கால் போய்விட்டது. நாற்காலியைக் கேட்டாள். இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. கால் போனாலும் அவளுக்கு ஆள் இருக்கிறாரே.

"சக்கரம் சாஞ்சது. வாசலுக்குள்ள போகாது," என்றேன், அதைக் கேட்டாவது போய்விடுவாள் என்று.

"தெரியும்க்கா. அண்ணன் இதுல சுத்துனத அவுக பாத்திருக்காக. இதுதான் வேணும்ங்காக."

"அப்ப மனுசன எப்படி உள்ள கொண்டுபோவ?"

"தூக்கிட்டுப் போவேன்," என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நானும் அப்படித்தானே, பொழுது சாய்ந்ததும் உங்களை முதுகில் சுமந்து வாசல் தாண்டுவேன். அந்தக் கொஞ்ச தூரத்துக்கு நீங்கள் எனக்கு மட்டும். கழுத்தைக் கட்டிக்கொண்டு, தெருவில் நடந்ததையெல்லாம் காதுக்குள் சொல்லிக்கொண்டே வருவீர்கள்.

நாற்காலியைக் கொடுத்துவிட்டேன். எப்படிக் குனிந்தால் இடுப்பு பிடிக்காது, எந்தத் தோளில் முதலில் கை போடச் சொல்ல வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவளாகவே கற்றுக்கொள்ளட்டும். உங்கள் கனம் இன்னும் என் முதுகில் இருக்கிறது. அதில் யாருக்கும் பங்கு கிடையாது.