எண்ணெயோடு நின்ற கப்பல்காரர்

ஆடி 3, ஞாயிறு.

எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது. எழுபது வயதில் எழுதப் பழகிய கை, நாளெல்லாம் எண்ணெய் தேய்த்த கை. நோட்டு பொறுத்துக்கொள்ளட்டும்.

இன்று குற்றாலத்தில் ஒருவருக்கு எண்ணெய் தேய்த்தேன். தூத்துக்குடியில் நிற்கும் சுற்றுலாக் கப்பலில் வந்தவர், மனைவியோடு காரில் அருவிக்கு வந்திருந்தார். ஐந்து மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். எண்ணெய் ஊறட்டும் என்று அரை மணி நேரம் உட்கார வைத்தது நான்தான். அதற்குள் அருவியில் வெள்ளம் வந்து, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள்.

மணி ஒன்று. "ஏங்க, கப்பல் போயிடும், அப்படியே கார்ல ஏறுங்க" என்று அந்த அம்மா அழாத குறை.

"இப்படியே போனா கப்பல்ல வழுக்கி விழுவியள்லா. வாங்க அண்ணாச்சி" என்று பக்கத்திலிருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

என் வீட்டுக்காரி அவரைப் பார்த்ததும், "யாரத் தாளிச்சுக் கூட்டிட்டு வாரிய?" என்றாள். ஆனாலும் வெந்நீரும் சீயக்காயும் உடனே வந்தன. குளித்ததும் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. கப்பல் போயிருந்தால் என் பேச்சைக் கேட்டதால்தானே?

ஐந்து மணிக்குப் போனில் செய்தி வந்தது. யாரையும் கூப்பிடாமல் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"ஏறிட்டோம் ஐயா. சீயக்காய் கொடுத்த அம்மாவுக்கு நன்றி."

"இன்னொரு மட்டம் வாசிங்க" என்றாள் என் வீட்டுக்காரி. வாசித்தேன். எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த டீச்சரம்மா நன்றாக இருக்கட்டும்.

விரல் வலிக்கிறது. அடுத்த ஞாயிறும் எழுதுவேன். அவள் இன்னும் ஒருமுறை வாசிக்கச் சொல்லுகிறாள்.