விருந்துக்குப் போட்ட சீருடை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? விடுமுறைக்குச் சித்தி குடும்பத்தோடு கப்பலில் வந்திருக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்றைய விருந்துக்கு மரியாதையான உடையில் வரச் சொல்லி அறைக்கு அட்டை வந்தது. என்னிடம் அப்படி இருப்பது பள்ளிச் சீருடைதானே! வெள்ளைச் சட்டையையும் கறுப்புப் பாவாடையையும் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். பரிமாறும் பெண்களுக்கும் அதே உடை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பக்கத்து மேசைப் பெரியவர், "ஏம்மா, கொஞ்சம் தண்ணி ஊத்து" என்றார். ஊற்றினேன். எனக்கே சிரிப்பு வந்தது.

நான் சித்தி பக்கத்தில் உட்கார்ந்ததும் அந்தப் பெரியவர் பதறிவிட்டார். "அடடா, உங்க வீட்டுப் பொண்ணா?"

"இல்லைங்க, பாப்பாவைப் பாத்துக்கக் கூட்டிட்டு வந்த பொண்ணு" என்றாள் சித்தி.

நாளையும் விருந்து. அதே சீருடையைத்தான் போட வேண்டுமாம், சித்தி சொல்லிவிட்டாள். பயமாக இருக்கிறது அம்மா. நீ தைத்த பச்சைப் பாவாடையைச் சித்தி வீட்டுக்கு அனுப்பு, ஊர் திரும்பியதும் போட்டுக்கொள்கிறேன். மடிப்பைப் பிரித்தால் நீளம் போதும். சண்டை மட்டும் போடாதே, என்னைப் படிக்க வைப்பது அவள்தானே. போனில் பேச்சோடு பேச்சாக, "உன் அக்கா பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேள், போதும்.

பாப்பா அழுகிறாள், போகிறேன்.

உன் மகள்