இத்தாலிக்காரியின் துணி மூட்டை

என் மகள் இப்திஸாமுக்கு, ஃபெஸ் நகரத்திலிருந்து உன் தாய் மென்னானா எழுதுவது. உனக்கும், நான் இன்னும் முகம் காணாத உன் புருஷனுக்கும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கே நானும் உன் அப்பாவும் நலம். அவருடைய முழங்கால் மட்டும் நலமில்லை. அதுவும் அவரைப் போலவே மடங்க மாட்டேன் என்கிறது.

நான் எழுதுகிறேனா என்று வாயைப் பிளக்காதே. பள்ளிவாசலில் பெண்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. "மென்னானா, நீ பேசுறதுல பாதிய எழுதினாலே போதும், காகிதக் கடை காலியாயிடும்" என்கிறாள் சொல்லித் தருகிற பெண். பக்கத்து வீட்டுக் கமர் தன் மகனைப் பார்க்க பிரஸ்ஸல்ஸ் வருகிறாள். உன் தெருவும் அவன் தெருவும் அடுத்தடுத்து என்றாள். அவள் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் வேலை அதேதான். நம் தெருப் பெண்கள் வெந்நீர் ஆவியில் குளிக்கும் ஹம்மாமின் முன்னறையில் உட்கார்ந்து, உள்ளே குளிக்கப் போனவர்களின் துணிக்குக் காவல். உள்ளே கத்தூஜ் முதுகு தேய்க்கிறாள். சுவருக்குப் பின்னால் உன் அப்பா அடுப்புக்கு மரத்தூள் அள்ளிப் போடுகிறார். புதுசு என்னவென்றால், ஹோட்டல்களிலிருந்து வெள்ளைக்காரப் பெண்களைக் கூட்டிவருகிறார்கள். வழிகாட்டி வெளியே நிற்பான், அவர்கள் உள்ளே வருவார்கள். எனக்கும் கத்தூஜுக்கும் பந்தயம், ஒரு தேநீர். வாய் திறப்பதற்குள் எந்த ஊர்க்காரி என்று சொல்ல வேண்டும். செருப்புக்குள் காலுறை, காற்சட்டையில் பத்துப் பை, ஜெர்மன்காரி. தோள் இரண்டும் வெந்த இறால் நிறம், இங்கிலீஷ்காரி. கறுப்பு உடுப்பு, கழுத்தில் ஒரு துணி, முகத்தில் நம் மேல் கோபம், பிரெஞ்சுக்காரி. வெள்ளை ஓட்டக் காலணி, கையில் தண்ணீர்ப் போத்தல், யார் முகத்தைப் பார்த்தாலும் சிரிப்பு, அமெரிக்காக்காரி. கத்தூஜ் எனக்குத் தர வேண்டிய தேநீரில் அவளையே குளிப்பாட்டலாம்.

போன வியாழக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். நாலு பேரை நொடியில் சொல்லிவிட்டேன். ஐந்தாமவளுக்குப் பெரிய வைக்கோல் தொப்பி, பாதி முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி, நீலச் சட்டை, முழங்காலோடு நின்ற காற்சட்டை, வார்ச்செருப்பு. நான் இத்தாலி என்றேன். கத்தூஜ், "போடி, இத்தாலிக்காரி இப்படியா பல்லி மாதிரி சுவரோட ஒட்டிக்கிட்டு நிப்பா? இது டச்சு" என்றாள்.

மற்ற நால்வரும் துணியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள், ஒருத்தி தரையிலேயே போட்டாள். ஐந்தாமவள் மூலைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்தாள். அதற்குள் காற்சட்டையை வைத்தாள். செருப்புகளை அடியோடு அடி சேர்த்துத் தனியாகச் சுற்றினாள். சட்டைக் கைகளை இழுத்து மூட்டையாகக் கட்டினாள். ஆவி பட்டு வெளிப்பக்கம் நனையாமலிருக்க நம் தெருப் பெண்கள் கட்டுகிற கட்டு அது. குளிக்கிற இடத்துக்குள் நம்மவர்கள் நுழைவதுபோல் இடக் காலை முதலில் வைத்து உள்ளே போனாள். கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், மகளே. உன் முதுகே எனக்குப் போதுமாக இருந்தது.

தனியாக வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும், தொப்பிக் கூட்டத்தோடு வந்தால் எவரும் பார்க்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டாயா? நல்ல கணக்குத்தான். கத்தூஜின் வாய் உனக்குத் தெரியும். உள்ளே ஆவி மூட்டத்தில் அவளுக்கு முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். ஆனால் அவளிடம் ஒரு சொல் விழுந்தால் அடுத்த தொழுகைப் பாங்குக்குள் ஊரே தெரிந்துகொள்ளும். நீ சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாய் என்று கேட்ட நாளில், இந்த வாசற்படியை நீ மிதிக்கக் கூடாது என்று உன் அப்பா அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டாரே, அது என் காதில் இன்னும் ஓயவில்லை. நீ வெளிநாட்டுக்காரியாக வந்தாய். நானும் உன்னை வெளிநாட்டுக்காரியாகவே வைத்துக்கொண்டேன்.

நீ குளித்து முடிக்கும்வரை உன் மூட்டை என் மடியில்தான் இருந்தது. வேறு யாருடையதையும் நான் மடியில் வைத்ததில்லை. உன் துணியில் எனக்குத் தெரியாத சோப்பு வாசனை. இடது கைப் பொத்தான் ஒற்றை இழையில் தொங்கியது. என்னிடம் பச்சை நூல்தான் இருந்தது, தைத்துவிட்டேன். நீ உடுத்தும்போது அந்தப் பொத்தானிலேயே உன் விரல் நின்றதைப் பார்த்தேன். "மெர்சி, மதாம்" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாய். நானும் எல்லோரிடமும் சொல்வதுபோல் "நல்ல பயணம், மதாம்" என்றேன். அவள் டச்சுதான், அன்றைக்குப் பந்தயத்தில் நான் தோற்றேன் என்று சொல்லிக் கத்தூஜுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அடுப்பறைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வழக்கம்போல வெள்ளைக்காரிகளின் கதையை எடுத்தேன். "இன்னிக்கு ஒரு இத்தாலிக்காரி வந்தா. துணிய உள்பக்கம் திருப்பி, கைய இழுத்து மூட்ட கட்டுறா" என்றேன். அவருடைய மண்வெட்டி நின்றது.

"காலுக்கு என்ன போட்டிருந்தா?"

"வார்ச்செருப்பு."

"அந்த ஊர்க் குளிருக்கு அது பத்துமா?"

"அங்க வேற வச்சிருப்பா. நீங்க நெருப்பப் பாருங்க, உள்ள பொம்பளைங்க விறைச்சுப் போயிடப் போறாங்க" என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெரிய பானையில் கோதுமைக் கூஸ்கூஸ் வேகவை என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. தர்கா வாசலில் உட்கார்ந்திருக்கும் ஏழைகளைக் கூட்டிவந்தார். பத்துப் பேர். தானே தண்ணீர் ஊற்றி அவர்கள் கையைக் கழுவிவிட்டார். ஆணையை முறிக்க நினைக்கிறவன் பத்து ஏழைக்குச் சோறு போட வேண்டும் என்பது உனக்கும் தெரியும். அவர் உன் பெயரைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு அகலத் தட்டைக் கழுவிக்கொண்டே பாட வந்தது, பாடவில்லை. இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் பாடினால் சுவர்தான் திருப்பிப் பாடுகிறது.

இறைவன் உன் வழியை லேசாக்கட்டும், உன் வீட்டு அடுப்பை அணையாமல் வைக்கட்டும். அடுத்த முறை தொப்பியும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். அந்தச் சட்டையில் மற்றப் பொத்தான்களும் தளர்ந்துதான் இருக்கின்றன. அன்றைக்கு ஒன்றுக்குத்தான் நேரமிருந்தது. வாசலில் உட்கார்ந்து தைக்கலாம், எடுத்துக்கொண்டு வா.

பச்சை நூலோடு காத்திருக்கும் உன் தாய்,
மென்னானா