ரெகுலேட்டரில் வைத்த நுரை

இன்று காலை புதுச் சிலிண்டரைப் பூட்டினேன். ரெகுலேட்டரைத் திருகியதும் அந்த வாடை லேசாக மூக்கில் ஏறியது. கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு, உங்களைப் போலவே சவர்க்கார நுரையைத் தொட்டு வைத்தேன். ஒரு குமிழிகூட எழவில்லை. பூட்டும்போது வந்த வாடைதான் போலிருக்கிறது. ஆனாலும் நம்ப மனம் வரவில்லை. இந்தச் சந்தேக புத்தி நீங்கள் விட்டுப்போன சொத்து.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து குவாட்டர்ஸில் கேஸ் அடுப்பு வந்த புதிதில் நீங்கள் இப்படி இல்லை. அந்தப் பொல்லாத காய்ச்சலில் கிடந்து எழுந்த பிறகுதான் ஆரம்பித்தது. தொழிற்சாலையிலிருந்து வந்ததும் நேராக அடுப்படிக்கு வருவீர்கள்.

"உனக்கு வாடை ஏதும் வருதா?"

"வரலிங்க."

"நல்லா மோந்து பாத்துச் சொல்லு."

என் மேல்தான் சந்தேகம் என்று எனக்கு எரிச்சல் வரும். லுணுகலைப் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவளுக்கு ஒரு வால்வை மூடத் தெரியாதா?

ஒருநாள் உங்களுக்கே பாடம் எடுத்தேன். ஒரே வெப்பநிலையில் கலந்திருக்கும் வாயுக்களில், எதன் மூலக்கூறானாலும் சராசரி இயக்க சக்தி ஒன்றுதான். அதனால் பாரமானது மெதுவாகவும் லேசானது வேகமாகவும் ஓடும் என்றேன். நீங்கள் விடவில்லை.

"கேஸுக்குன்னு வாடை கெடையாதுன்னியே. அதுல கலக்குற வாடைச் சாமான் பாரமா, லேசா?"

"கேஸவிடக் கொஞ்சம் பாரங்க."

"அப்ப கேஸு முன்னாடி வந்துரும், வாடை பின்னாடிதான் வரும்?"

"அது ரொம்பச் சின்ன வித்தியாசங்க. காத்து அசைஞ்சா ரெண்டும் சேந்துதான் வரும்."

"எப்படியோ, மூக்க மட்டும் நம்பக் கூடாது" என்று நுரை கரைக்கப் போய்விட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. டீமேக்கர் பேசுகிற பேச்சா அது? புளிக்க வைத்த கொழுந்தை முகர்ந்து பார்த்து, இனி உலர்த்தலாம் என்று சொல்வதுதானே உங்கள் வேலை?

நீங்கள் மாரடைப்பில் போன பிறகு, காரியத்தன்று, தொழிற்சாலையில் உங்களோடு வேலை செய்த ராமாயி அக்கா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"காய்ச்சலுக்கு அப்பறம் ஐயாவுக்கு வாசமே தெரியலிங்க டீச்சர். என்னையதான் மோந்து பாக்கச் சொல்வாரு. வெளிய தெரிஞ்சா வேலை போயிரும், வீட்டுலயும் சொல்லிறாதன்னாரு."

அன்றிலிருந்து உங்களைத்தான் சந்தேகப்படுகிறேன். என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. தினமும் செருப்பைக் கழற்றும்போதே, "ரசம் வாசல் வரைக்கும் மணக்குது" என்பீர்கள். காய்ச்சலுக்குப் பிறகும், போன அன்றைக்கு முந்தின நாள் வரைக்கும், ஒரு நாள் தவறாமல் சொன்னீர்களே.

இன்றும் ரசம் வைத்தேன். வாசலில் போய் நின்று முகர்ந்து பார்த்தேன். மணக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது.