நடக்க மறக்காத கால்கள்

என் பிரியத்துக்குரிய முத்துமாரி மதினிக்கு,

ஏழாயிரம்பண்ணையில் ஆடி பிறந்துவிட்டது. சித்திரை மழையும் ஏமாற்றிவிட்டதால் காடெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. மழை இல்லாவிட்டால் வெடி நன்றாகக் காயும் என்பீர்கள். சீசன் சூடுபிடித்து, காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் நம் தெருமுனையில் ஆரன் அடிக்கிறது. அண்ணன் உங்கள் தூக்குச்சட்டியில்தான் சோறு கொண்டுபோகிறான். செல்போன் ஒன்றும் வாங்கியிருக்கிறான். யாரோடு பேசப் போகிறானோ?

உங்களுக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். அதற்கு முன் அந்த நாளைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்தக் கடிதத்தை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நீங்களும் அண்ணனும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தீர்கள். அன்று பக்கத்து அறையில் மருந்து வெடித்து, உங்கள் அறைச் சுவர் சரிந்து உங்கள் முதுகில் விழுந்தது. வெளியே இருந்த அண்ணன் உள்ளே ஓடிவந்து செங்கல்லை விலக்கினான். உங்களை மூட்டையைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். பட்டாசு வேலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த பாடம் அது. விழுந்தவரை எப்படியாவது தூக்கு, ஓடு, ஒரு வெடிக்குப் பின்னால் இன்னொன்று வரும். அன்றும் வந்தது. நீங்கள் வேப்பமரத்தைத் தாண்டியபோது பின்னால் அந்த அறையே இல்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், "எப்படித் தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். அண்ணன் தன் தோளைத் தட்டிக் காட்டினான். அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டார்.

அண்ணன் டீ வாங்கப் போனதும் என்னை அருகில் கூப்பிட்டீர்கள்.

"ஏ புள்ள, செவரு விழுந்தப்பக் காலு இருந்துச்சு. ஒங்கண்ணன் தோள்ல போகையிலதான் போயிருச்சு. இது அந்த மனுசன் காதுல விழப்படாது. படிச்ச புள்ளைன்னு வாய விட்றாத."

தலையாட்டினேன். பிறகு புத்தகங்களில் தேடினேன். முதுகெலும்பு உடைந்தவரை மடக்கித் தூக்கினால், உடைந்த எலும்பே உள்ளிருக்கும் தண்டுவடத்தை நசுக்கிவிடக்கூடும் என்று இருந்தது. அந்தப் பக்கத்தை மறுபடி நான் திறக்கவே இல்லை.

துணிபோலக் கிடந்த உங்கள் கால்கள் சில வாரங்களுக்குப் பின், குளிப்பாட்டும்போது தண்ணீர் பட்டதும் வெடுக்கென்று மடங்கின. "எம் மருமக காலு அசையுது!" என்று அம்மா தெருவெல்லாம் கத்திச் சர்க்கரை கொடுத்தாள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். எனக்குக் கல்லூரி ஆய்வகத்துத் தவளைதான் நினைவுக்கு வந்தது. மூளையை எடுத்த பிறகும், தோலில் அமிலத்துளி பட்டால் அது காலைத் தூக்கித் துடைக்கும். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

நீங்களே கேட்டுவிட்டீர்கள். "நான் அசைக்கலையே புள்ள. பெறகு ஆரு அசைச்சா?"

"தண்டுவடம் மதினி. மூளை சொல்லுதத காலுக்குக் கொண்டுபோற வெறும் கம்பின்னு நெனைக்கோம். அதுக்கே தனியா வேல தெரியும். எடது, வலதுன்னு மாத்தி மாத்தி எடுத்து வைக்கிற ஒழுங்கு அதுக்குள்ளயே இருக்கு. ஒங்க காலு நடக்க மறக்கல. நீங்க சொல்லுததுதான் அங்கன போய்ச் சேரல."

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அப்ப ஒங்கண்ணன் மாதிரிதான். கூப்பிட்டாக் கேக்காது. தண்ணி ஊத்துனா எந்திரிக்கும்."

தண்டுவடம் முழுவதும் அறுந்துபோகாமல் இருந்தால், மிஞ்சிய நரம்பிழைகள் பழகப் பழக வேலையைக் கற்றுக்கொள்ளலாம் என்று உங்களுக்கு பிசியோதெரபி கொடுத்த பெண்மணி சொன்னார். அதை நம்பித்தான் தினமும் முற்றத்தில் இறங்கினோம். முழங்காலுக்கு இரும்புப் பட்டை மாட்டி, அண்ணனின் தோள்களைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அவன் பின்பக்கமாக நடப்பான். நான் குனிந்து உங்கள் பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன்.

"பைய வா. கல்யாணத்தன்னைக்குக்கூட இம்புட்டு நேரம் ஆக்கல நீயி."

"அப்ப ஒங்க மூஞ்சியச் சரியாப் பாக்கல. அதான் வெரசா வந்துட்டேன்."

ஒரு நாள் வலது காலின் கட்டைவிரல் அசைந்தது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. "இது நான்தான் புள்ள, நான்தான்" என்றீர்கள். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

முழங்கால் கற்றுக்கொள்வதற்குள் படுக்கைப் புண்ணும் காய்ச்சலும் முந்திக்கொண்டு உங்களைக் கொண்டுபோய்விட்டன. இன்னும் கொஞ்ச காலம் கிடைத்திருந்தால் நடந்திருப்பீர்களா? எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை.

இப்போது சேதிக்கு வருகிறேன். போன வாரம் கம்பெனியில் லோடு ஏற்றும்போது ஒருவர் லாரி மேலிருந்து மல்லாக்க விழுந்துவிட்டார். கையையும் காலையும் பிடித்துத் தூக்க நாலு பேர் ஓடியிருக்கிறார்கள். அண்ணன் போட்ட சத்தத்தை எதிர்வீட்டு சரசக்கா வந்து அப்படியே சொன்னார்.

"ஏலே, தொடாதீங்கலே! இங்கன என்ன வெடியா வெடிக்கி, தூக்கிட்டு ஓடுறதுக்கு? அந்த வெடி காயப்போடுற பலகையக் கொண்டாங்க!"

தலை ஆடாமல் அவனே பிடித்துக்கொண்டு, பலகையோடு வேனில் ஏற்றி அனுப்பியிருக்கிறான். அவருக்கு இடுப்பில் முறிவாம். ஆனால் கால்விரல்கள் அசைகின்றன, மதினி.

சாயங்காலம் கேட்டேன். "ஒனக்கு இத ஆருண்ணே சொல்லிக்குடுத்தா?"

"ஒம் மதினிதான்."

"மதினியா சொன்னாக?"

"அவ எங்க சொன்னா. தூக்கையில எம் வயித்துல உதைச்சா. வேப்பமரம் வாரதுக்குள்ள உதையக் காணோம்."

தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. டாக்டரிடம் தோளைத் தட்டிக் காட்டினானே, அது, 'இதனாலதானா?' என்று அவன் கேட்ட கேள்வியோ? நீங்கள் அவனிடம் மறைத்தீர்கள், அவன் உங்களிடம் மறைத்தான். நடுவில் நான் ஒன்றும் தெரியாமல் குனிந்து பாதத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அன்று அவன் பலகை தேடி நின்றிருந்தால் அந்த அறையோடு இருவருமே போயிருப்பீர்கள். இது அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன, அவன் வயிற்றில் அந்த உதை நின்ற இடம் அப்படியே இருக்கிறதே.

உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறப்போகிறேன், மதினி. கோபிக்காதீர்கள். வேறு யார் கண்ணிலும் படுவதற்கு முன் இந்தக் கடிதத்தை அண்ணனுக்கு வாசித்துக் காட்டுவேன். ஒவ்வொரு நாளும் முற்றத்தில், எல்லாம் தெரிந்தேதான் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள் என்று அவனிடம் சொல்வேன்.

உங்கள் பாதங்களை எடுத்து வைத்த நாத்தனார்,
கனகா