பத்து நாள் காப்பு

12-3-59, வியாழன்
நாள் முழுதும் விதைக் கடலைக்கு மல்லாட்டை உடைத்தேன். நகக்கண் வலிக்கிறது. அடுத்த வீட்டுக் குல்சும் பீவிக்கு இன்றிலிருந்து நோன்பு. வருஷா வருஷம் முதல் நாள் நோன்பு திறக்க ஒரு சொம்பு மோர் கொண்டுபோய்க் கொடுப்பேன். இன்றைக்கும் எடுத்துக்கொண்டு அவள் படல் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். மோரை வீட்டுக்காரர் குடித்தார்.

இது என் மகள் தையல்நாயகியின் பள்ளிக்கூட நோட்டு. முன் பக்கமெல்லாம் அவள் எழுத்து. நான் மூணாம் வகுப்போடு நின்றவள். என் பிழையைப் பார்த்தால் சிரிப்பாள். சிரித்திருப்பாள்.

20-3-59, வெள்ளி
கிணற்றடியில் ஊருக்குப் புதிதாக வாழ வந்த பெண் ஒருத்தி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நெருப்பில் கொப்புளம் வராத காலாம்.

21-3-59, சனி
எழுதிவிட வேண்டும். எழுதினால் ஆறுமா?

என் மகளுக்கு இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கினால் மூன்று வருஷம் தீ மிதிக்கிறேன் என்று திரௌபதியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். தங்கியது. ஒன்பதாம் மாதம் அவள் புகுந்த ஊர் காணையிலிருந்து தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தேன். போன ஆடியில் தீமிதிக்கு நாள் வைத்தார்கள். காப்பு கட்டுகிற வீட்டில் பிரசவத் தீட்டு ஆகாது. காப்பு கட்டினவர்கள் பத்து நாள் ஊர் எல்லையைத் தாண்டவும் கூடாது. மருத்துவச்சி, இன்னும் இருபது நாள் இருக்கிறது என்றாள். பத்து நாள் மாமியார் வீட்டில் இரு, காப்பு அவிழ்த்த மறுநாளே வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பஸ் ஏற்றினேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக, "ஊறுகாய எடுத்துக்க மறந்துட்டேம்மா" என்றாள். அவ்வளவுதான்.

தீமிதி அன்று காலை, குல்சும் வீட்டுக்காரருடைய மண்டி லாரி விழுப்புரத்திலிருந்து சேதி கொண்டு வந்தது. வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, அம்மா உடனே வரவேண்டும் என்று. குல்சும் போட்டது போட்டபடி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். வா போவலாம் என்றாள். நான் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தேன். எல்லை தாண்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று பயம். அந்தப் பயம் மட்டும்தானா? ஊர் என்ன பேசும் என்பதும் இருந்தது. இதில் பொய் எழுதக் கூடாது.

"நீ முன்னால போ. சாயங்காலம் மிதிச்சிட்டு வந்துடறேன்."

இதுதான் நான் சொன்னது. வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. அவர் போ என்று சொல்லிவிட்டால்?

ஐந்து மணிக்கு மிதித்தேன். சூடே தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் அங்கே அவளுக்கு ரத்தம் நிக்காம போய்க்கினு இருந்திருக்கு. பொண்ணு பொறந்து பொழச்சிது. பெத்தவ போயிட்டா. என் காலுக்கு ஒண்ணும் ஆவல.

பக்கத்தில் இருந்தவள் குல்சும்தான். தையலு கடைசியாக என்ன சொன்னாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

10-4-59, வெள்ளி
ரம்ஜான். நான் போகமாட்டேன் என்று தெரிந்து குல்சுமே சேமியா எடுத்து வந்தாள். "ஒரு மாசமா மோரும் காணோம், ஆளும் காணோம். எருமை செத்துப்போச்சா?" என்றாள். சிரித்தேன். தையலு கடைசியாகச் சொன்னதைக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

14-4-59, செவ்வாய்
வருஷப்பிறப்பு. குழந்தைக்குச் சட்டைத் துணி எடுத்துக்கொண்டு காணைக்குப் போனேன். சம்பந்தியம்மா கெங்கம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"நெருப்ப மிதிச்ச காலாச்சே. எங்க ஊட்டு வாசப்படி தாங்குமா?"

நியாயம்தான். துணியை வாங்கிக்கொண்டாள். குழந்தையை இடுப்பில் வைத்தபடியே காட்டினாள். பேர் வைக்கவில்லை, நிலைக்கட்டும் என்று மண்ணாங்கட்டி என்றே கூப்பிடுகிறார்கள். மூக்கு தையலுடையது.

9-6-59
ஊறுகாய் ஜாடி உறியில் அப்படியே இருக்கிறது. திறக்கவில்லை.

22-7-59, புதன்
கோயில் நாட்டாண்மை சுப்பராயலு வந்தார். அடுத்த புதன் காப்பு. சாவு விழுந்த வருஷமாயிற்றே என்று இழுத்தேன். "கட்டிக் குடுத்த பொண்ணு. ஒனக்குத் தீட்டு மூணே நாளு. அது எப்பவோ கழிஞ்சிது. வேண்டுதல பாதியில உடாத" என்றார். வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார்.

மூணு நாளாம்.

26-7-59, ஞாயிறு
மருமகன் தேவநாதன் கடிதம். கெங்கம்மாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போய்ப் படுக்கையாம். குழந்தைக்கு ஆள் இல்லை. இந்த வாரத்தில் நீங்கள் வந்தால் சரி, இல்லாவிட்டால் பட்டணத்தில் ஒரு சித்தி கேட்கிறாள், கொடுத்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறார்.

காப்பு கட்டினால் பத்து நாள் போக முடியாது. கட்டாவிட்டால் வேண்டுதல் குழந்தையின் தலையில் விடியுமோ? யாரைக் கேட்பேன்?

27-7-59, திங்கள்
குல்சும் வீட்டுக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே கேட்டேன், தையலு என்ன சொன்னாள் என்று. முறத்தைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல அம்மா வருமான்னு கேட்டுது. வந்துகினு இருக்குன்னு பொய் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சி, வேணாம், காப்பு கட்டியிருக்கு, அம்மாவ வரவேணாம்னு சொல்லுங்கன்னுது."

ஒரு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா ஒனக்கு ஆறுதலா பூடும். எனக்கு அவ்ளோ கோவம் அஞ்சம்மா உம்மேல."

ஆறுதலா? எம் பொண்ணு சாவறப்பகூட என் காப்ப நெனச்சிக்கினு இருந்திருக்கா. நான் அவள நெனக்கல.

குல்சும் அழுதாள். எனக்கு வரவில்லை.

29-7-59, புதன்
விடிகாலை பஸ். கோயில் வாசலில் நின்று, இன்னும் இரண்டு வருஷம் இருப்பது எனக்கு மறக்கவில்லை, கோபம் என்றால் என்மேல் வை என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை வந்தார். ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டேன்.

7-8-59, வெள்ளி, காணை
வந்து பத்து நாள். முதல் நாள் வாசலில் நின்றபோது, "நின்னுகினே இருந்தா கொயந்தைக்கு யாரு பாலு காச்சறது?" என்று கெங்கம்மாள் உள்ளே இருந்து கத்தினாள். அவளுக்கு மலமும் மூத்திரமும் நான்தான் எடுக்கிறேன். தினமும் திட்டுகிறாள். சோற்றுக்கு ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

மத்தியானம் கேப்பைக் கஞ்சி இறக்கும்போது பானை சாய்ந்து புறங்காலில் கொட்டிவிட்டது. நல்ல கொப்புளம்.

மணி ஐந்து இருக்கும். இந்நேரம் எங்கள் ஊரில் நெருப்பை விரித்திருப்பார்கள். குழந்தைக்கு நாளையோடு ஒரு வயது. தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கிறது. கை சரியாகக் கொப்புளத்தின் மேல்.

காலை இழுக்கவில்லை. நிற்கட்டும்.