வேப்பிலை கட்டிய வாசல்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் போட்டாச்சு. காபிக்கு இன்னும் ஒரு மணி நேரம்.

தடிப்பு முதல் முறையாக முகத்தில். இத்தனை மாதம் இடுப்பு, தொடை என்று மறைவாக இருந்தது. இன்று கண் வீங்கி, உதடு தடித்து. கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. பொம்மசந்திரா கம்பெனி வேன் ஏறவில்லை. லீவு.

அரிப்பு மாத்திரை போட்டுத் தூங்கிப்போனேன். எழுந்து பார்த்தால் மாமியார் வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறார். அம்மை என்றே முடிவு. "ஆத்தா வந்துக்கிறா. மாத்திரைய தொடாத." என் மாத்திரை அட்டைகள் அம்மன் படத்துக்குப் பின்னால். அவர் அசந்த நேரம் எடுத்துக்கொண்டேன். சண்டை போடத் தெம்பில்லை.

ஜூலை 9, புதன்
முகம் வடிந்துவிட்டது. வேலைக்குப் போனேன். மருந்து பேக்கிங் ஹாலுக்குள் விடுமுன் கை, கழுத்து, முகம் பார்ப்பார்கள். இன்று ஒரு பொட்டு இல்லை. என்ன பிரயோஜனம்? பக்கத்துத் தெரு கலா என் லைன்தான். வேப்பிலையைப் பார்த்தவள் வேனிலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். என் பக்கத்து சீட் காலி.

சூப்பர்வைசர் மேடம் திருப்பி அனுப்பிவிட்டார். டாக்டர் லெட்டர் வேண்டுமாம். இந்த மாதக் கடைசியில் என்னை பர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு. அதற்குள் என் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தால் போச்சு.

ஜூலை 10, வியாழன்
ஆஸ்பத்திரியில் பாதி நாள். இது யாருக்கும் ஒட்டாது என்றார் டாக்டரம்மா. தொண்டைச் சுரப்பியை என் உடம்பே தாக்குகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு இந்தத் தடிப்பும் சேர்ந்து வருவதுண்டாம். எப்போது போகும் என்று கேட்டேன். போகலாம், வருடக்கணக்கில் இருக்கவும் இருக்கலாம். லெட்டர் கொடுத்தார். ஆட்டோவில் அழுதேன்.

வாங்க வேண்டியது: வாசனை இல்லாத சோப்பு, லூசான நைட்டி, பால்.

ஜூலை 11, வெள்ளி
மேடம் லெட்டரைப் படித்தார், நம்பினார். லைனில் ஒருத்தரும் நம்பவில்லை. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறதாம், என் பக்கத்தில் உட்கார மாட்டார்களாம்.

மேடம் தனியாகக் கூப்பிட்டார். "எனக்கு தெரியுதும்மா. அவங்க கேக்கணுமே. தலைக்கு தண்ணி ஊத்திக்கினு திங்கக்கெழம வந்துடு."

வராத அம்மைக்குத் தண்ணீர். கோபம். மாமியார் மேல், கலா மேல், என் தொண்டை மேல்.

ஜூலை 12, சனி
எழுத ஒன்றுமில்லை. முதுகு முழுக்கத் தடிப்பு. வீட்டுக்காரர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டூட்டிக்குப் போனார்.

ஜூலை 13, ஞாயிறு
நல்ல வெயில். மாமியார் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை மாடியில் காயவைத்தார். கலாவை நான்தான் வரச் சொன்னேன். பார்த்துவிட்டுப் போய் எல்லாரிடமும் சொல்லட்டும்.

பலகையில் உட்கார்ந்தேன். மாமியார் ஒவ்வொரு சொம்புக்கும் ஆத்தாவைக் கூப்பிட்டு ஊற்றினார். ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நிஜமாகவே பயந்திருக்கிறார், பாவம். அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

"எறங்கிட்டா," என்றார்.

வேப்பிலையை அவிழ்த்தாச்சு. கலா ஆத்தாவுக்குப் படைத்த துள்ளுமாவை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். "நாளைக்கு வேன்ல சீட் புடிச்சி வெக்கிறேன்க்கா."

சரி என்றேன். ஈரத்துணிக்குள் இடுப்பைச் சுற்றித் தடிப்பு எழும்ப ஆரம்பித்திருந்தது. கலா போகும்வரை சொறியவில்லை.